மிதித்தும் பிரியாத கிளட்ச்: தொலைந்த மில்லிமீட்டரைத் தேடுவது எப்படி?

பினாங்கில் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் நிறுத்தியிருந்த என் பழைய கான்சில் காரைப் பின்னோக்கி எடுக்க முயன்றபோதுதான் அந்தச் சத்தம் முதன்முதலில் கேட்டது. கிளட்சை அடிவரை மிதித்து, கியர் கம்பை ரிவர்ஸுக்குத் தள்ளினேன். இரும்புச் சட்டியின் அடியைக் கரண்டியால் சுரண்டியதுபோல் ‘கர்ர்ர்’ என்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் தள்ளினேன். மறுபடியும் அதே சத்தம். இன்ஜினை நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்த்தால், எந்தத் தடையும் இல்லாமல் கியர் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அன்று மாலை ஒரு பட்டறையில் இதைச் சொன்னபோது, முன்மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல், “கிளட்ச் போச்சு அண்ணே, செட்டோட மாத்திடுங்க” என்று பதில் வந்தது. அதற்குப் பல நூறு வெள்ளி ஆகும் என்றும் சொன்னார்கள்.

அந்தப் பதில் தவறானது. கிளட்ச் செட்டில் ஒரு குறையும் இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பட்டறையை மட்டும் குறை சொல்வதற்கில்லை; கியர் விழவில்லை என்றதும் ‘கிளட்ச் தேய்ந்துவிட்டது’ என்று முடிவுகட்டுவது நம்மில் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. கிளட்ச் தேய்ந்தால் வரும் கோளாறும், கிளட்ச் பிரியாமல் போனால் வரும் கோளாறும் ஒன்றுக்கொன்று நேரெதிரானவை. தேய்ந்த கிளட்ச் வழுக்கும்: மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் இரைச்சல் ஏறும், காரின் வேகம் ஏறாது, சில நேரம் கருகிய வாடையும் வரும். பிரியாத கிளட்ச் இழுக்கும்: பெடலை முழுக்க மிதித்திருந்தாலும் இன்ஜினின் சுழற்சி கொஞ்சம் கியர்பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கும். முதலாவது ‘பிடிப்பு போதவில்லை’ என்கிற நோய்; இரண்டாவது ‘பிடி விடவில்லை’ என்கிற நோய். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

பெடலுக்கும் பிளேட்டுக்கும் நடுவே

இன்ஜினின் முனையில் பிளைவீல் எனப்படும் கனமான இரும்புச் சக்கரம் இருக்கிறது. இன்ஜின் ஓடும் வரை அதுவும் ஓடும். அதன் முகத்தோடு ஒட்டினாற்போல் கிளட்ச் பிளேட் என்ற மெல்லிய வட்டத் தகடு, இரு பக்கமும் பிரேக் கட்டையைப் போன்ற உராய்வுப் பொருள் பதித்ததாக நிற்கும். அதற்குப் பின்னால் பிரஷர் பிளேட் என்ற வார்ப்பிரும்பு வளையம். பிரஷர் பிளேட் அழுத்தும்போது நடுவிலுள்ள பிளேட் பிளைவீலோடு நசுங்கிப் பிடிபட்டு ஒன்றாகச் சுழலும். அந்தப் பிளேட்டின் நடுத்துளையில் செருகியிருக்கும் கியர்பாக்ஸ் தண்டும் கூடவே சுழலும். பிரஷர் பிளேட் சற்றுப் பின்வாங்கினால் நடுவிலுள்ள பிளேட் எந்தப் பக்கமும் ஒட்டாமல் தனித்து நிற்கும். பாட்டி காலத்துத் திருகையை நினைத்துப் பாருங்கள். மேற்கல்லை ஓர் அரிசிமணியளவு தூக்கிப் பிடித்தால் போதும், கல் சுற்றிக்கொண்டே இருக்கும், மாவு அரைபடாது. கிளட்ச் பிரிவது என்பதும் அத்தகைய மிகச் சிறிய தூக்கல்தான்.

அந்தத் தூக்கலைச் செய்வது டயஃபிரம் ஸ்பிரிங் என்ற எஃகுத் தட்டு. கிண்ணம்போல் வளைந்து, நடுவை நோக்கி விரல் விரலாக வெட்டப்பட்ட அந்தத் தட்டின் விரல் நுனிகளை ரிலீஸ் பேரிங் என்ற வளையம் அழுத்தும்போது, சாய்ந்தாடும் பலகையைப் போல வெளி விளிம்பு எதிர்ப்பக்கம் நகர்ந்து பிரஷர் பிளேட்டைப் பின்னுக்கு இழுக்கும். அந்த ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுவது ஒரு நெம்புகோல். அதை நாம் கிளட்ச் ஃபோர்க் என்கிறோம். ஃபோர்க்கை நகர்த்துவது பழைய சிறு கார்களில் எஃகுக் கேபிள். மற்ற கார்களில் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் என்ற இரு பம்புகளும் அவற்றுக்கு இடையே பிரேக் எண்ணெய் நிரம்பிய குழாயும். இத்தனைக்கும் முன்னால், நம் இடது காலுக்குக் கீழே, பெடல்.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கோளாறின் முழு ரகசியமும் கணக்கில்தான் இருக்கிறது. காருக்குக் கார் அளவு மாறும். புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பெடல் மேலிருந்து தரை வரை 140 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் 20 மி.மீ. வெறும் தளர்வு, ஃபிரீ பிளே. எதையும் தள்ளாத தூரம். மீதி 120 மி.மீ. பயணம், நெம்புகோல்கள் ஒவ்வொன்றாகக் கடந்து, பிரஷர் பிளேட்டை அடையும்போது சுமார் 1.5 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. காலால் எளிதாக மிதிக்கும்படி பெரிய அழுத்தத்தைப் பெற வேண்டுமானால் தூரத்தை விலையாகக் கொடுத்தாக வேண்டும். நெம்புகோலின் இயல்பே அது. அந்த 1.5 மி.மீ. முழுதும் இடைவெளியாகக் கிடைப்பதும் இல்லை. கிளட்ச் பிளேட்டின் இரு உராய்வு முகங்களுக்கு நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய ஸ்பிரிங் தகடுகள் இருக்கின்றன. கார் குலுங்காமல் புறப்படுவதற்காக வைத்தவை. அழுத்தம் குறைந்ததும் அவை உப்பி விரிந்து, ஏறத்தாழ 0.7 மி.மீ. எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 0.8 மி.மீ.; பக்கத்துக்கு 0.4. சில தாள்களை அடுக்கி வைத்த கனம், அவ்வளவுதான்.

இனி, வழியில் எங்கேயோ ஒரு தேய்மானத்தால் பெடல் பயணத்தில் 40 மி.மீ. வீணாகிறது என்று கொள்ளுங்கள். 120 மி.மீ. என்பது 80 ஆகிறது. பிரஷர் பிளேட் விலகுவது 1.0 மி.மீ. ஆகிறது, பிளேட் உப்பும் 0.7 போக, மிஞ்சுவது 0.3, பக்கத்துக்கு 0.15 மி.மீ. பெடலில் இழந்தது மூன்றில் ஒரு பங்கு; இடைவெளியில் இழந்ததோ பாதிக்கும் மேல். பிளேட் இம்மியளவு கோணியிருந்தாலும் அது பிளைவீலை உரசத் தொடங்கிவிடும். பெரிய உடைசல் ஒன்றும் இல்லாமலே கியர் விழாமல் போவது இதனால்தான். ஆகவே, கிளட்ச் பிரியவில்லை என்றால் முதல் கேள்வி ‘எது உடைந்தது’ என்பதைவிட ‘பயணம் எங்கே தொலைகிறது’ என்பதாக இருப்பது நல்லது. காலடியிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டே பிளேட் வரை போக வேண்டும். தொட்டியில் நீர் இருந்தும் குழாயில் வரவில்லை என்றால் வீட்டுக்காரர் குழாயைத் தொடர்ந்து போய்க் கசிவைத் தேடுவதைப் போன்ற வேலைதான்.

ரிவர்ஸ் ஏன் முதலில் கத்துகிறது?

முன்னோக்கிச் செல்லும் கியர்களில் சிங்க்ரோ என்ற பித்தளை வளையங்கள் உள்ளன. சேரப்போகும் இரு பாகங்களின் வேகத்தையும் உரசிச் சமப்படுத்திய பிறகே அவை பற்களைச் சேரவிடும். கிளட்ச் சரியாகப் பிரிந்திருந்தால், அந்த வளையம் அடக்க வேண்டியது தனித்துச் சுழலும் ஒரு லேசான பிளேட்டையும் தண்டையும் மட்டுமே. கிளட்ச் இழுத்தால், அது இன்ஜினோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் நின்ற நிலையில் முதல் கியர் சுவரில் மோதியதுபோல் நிற்கிறது. பெரும்பாலான சாதாரணக் கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இல்லை. சுழலும் பல்லின்மேல் நிற்கும் பல் நேரே போய் மோதுகிறது. அதுதான் அந்தக் ‘கர்ர்ர்’. நோய் சிறிதாக இருக்கும்போதே ரிவர்ஸ் நமக்குச் சொல்லிவிடுகிறது என்பதால், அந்தச் சத்தத்தை ‘பழைய காடி, அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரும்புத் தூள் கியர்பாக்ஸ் எண்ணெயில் கலக்கிறது.

கிளட்ச்தான் காரணமா என்பதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். சமதளத்தில், முன்னும் பின்னும் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் காரை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, வலது காலைப் பிரேக்கின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சூடான பின், நியூட்ரலில் மெதுவாக ஓடும் நிலையில், கிளட்சை அடிவரை மிதித்து மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸைப் போடுங்கள். நன்றாக இருக்கும் கிளட்சிலும் மிதித்த உடனே போட்டால் லேசாக உரசலாம், ஏனெனில் பிளேட் தன் வேகத்திலேயே இன்னும் சில விநாடி சுழலும். ஐந்தோ பத்தோ எண்ணிய பிறகும் உரசினால் பிளேட்டை ஏதோ சுழற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். நின்ற இன்ஜினில் எளிதாகவும் ஓடும் இன்ஜினில் கடினமாகவும் விழுந்தால் சந்தேகம் கிளட்சின்மேல். இரண்டிலும் கடினமாக இருந்தால் கியர் கம்பிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பிகளையும், அவற்றின் மூட்டுகளில் இருக்கும் புஷ் எனப்படும் சிறு உறைகளையும் பார்க்க வேண்டும். ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும், எடுத்துக்காட்டாக மூன்றாவது மட்டும், கத்துகிறது என்றால் பெரும்பாலும் அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கும். கிளட்ச் எந்தக் கியரையும் தனியாகத் தேர்ந்தெடுத்துத் தொல்லை கொடுப்பதில்லை.

இன்னொரு சோதனையை நம் ஊர்ச் சாலையே செய்துவிடும். கிரீன் லேன் விளக்குச் சந்திப்பில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு காத்திருக்கும்போது, பிரேக்கை லேசாக விட்டால் கார் தானாக முன்னால் ஊர்கிறதா என்று கவனியுங்கள். சமதளத்தில் ஊர்ந்தால் அது இழுப்பு. மிதித்தவுடன் ஊராமல், அரை நிமிடம் போன பிறகு மெல்ல ஊரத் தொடங்கினால், அது இன்னும் குறிப்பான செய்தி. அதன் பொருளைக் கீழே மாஸ்டர் சிலிண்டரைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

காலடியும் கேபிளும்

சிரிக்க வேண்டாம், முதலில் பார்க்க வேண்டியது தரைவிரிப்பு. மழைக்காலத்தில் சேறு ஒட்டாமலிருக்கப் பழைய பாயின்மேல் இன்னொரு தடித்த ரப்பர் பாயைப் போட்டு வைப்பவர்கள் நம்மில் நிறைய. அது பெடலுக்குக் கீழே சுருண்டு இருபது மி.மீ. தூரத்தைத் தின்றுவிட்டால், மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். பாயை எடுத்து வெளியே போட்டுவிட்டு ஒருமுறை ரிவர்ஸைச் சோதியுங்கள். பிறகு டார்ச் விளக்கோடு குனிந்து, பெடல் தொங்கும் ஊசியையும் புஷ்ஷையும் பாருங்கள். பெடலை இடமும் வலமும் ஆட்டினால் தொளதொளவென்று ஆடினால், அங்கேயும் கொஞ்சம் பயணம் போய்க்கொண்டிருக்கிறது.

கான்சில், பெரோடுவா நிறுவனம் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட அதன் முதல் கார். மூன்று சிலிண்டர், 660 சிசி. பெயருக்குச் சருகுமான் என்று பொருள். அதன் கிளட்ச், கேபிளால் இழுக்கப்படுவது. கேபிள் கிளட்சில் ஃபிரீ பிளே அளவை விரலால் உணரலாம்: பெடலைக் கையால் மெல்ல அழுத்தினால் முதலில் எதிர்ப்பில்லாமல் இறங்கும், பிறகு ஓரிடத்தில் கனக்கும். அந்த முதல் தூரத்தை ஒரு ஸ்கேலைத் தரையில் நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். பல கார்களில் 15 முதல் 25 மி.மீ. வரை இருப்பது வழக்கம். உங்கள் காருக்கான அளவு அதன் கையேட்டில் இருக்கும். அதைவிட மிக அதிகமானால் கிளட்ச் இழுக்கும். அறவே இல்லாமல் போனால் வழுக்கும்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளட்ச் பிளேட் தேயத் தேய, டயஃபிரம் ஸ்பிரிங்கின் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கமாக வெளியே வருகின்றன. ஆகவே கேபிள் கிளட்சில் ஃபிரீ பிளே குறைந்துகொண்டே போகும், அதிகமாகாது. எனவே பிளேட்டின் இயல்பான தேய்மானம் கிளட்சைப் பிரியாமல் செய்வதற்கு மாறாக, வழுக்கும் திசையில் கொண்டுபோகிறது. பெடலில் தளர்வு அதிகமாகி, கியரும் விழவில்லை என்றால் குறை பெரும்பாலும் பிளேட்டுக்கு வெளியே இருக்கிறது. ‘செட்டோடு மாற்று’ என்று சொன்னவர் இந்த ஒரு விஷயத்தை நினைத்துப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லி என்னை அனுப்பியிருக்க மாட்டார்.

என் காரில் நடந்தது இது. பாகான் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர், லோரிப் பட்டறையில் வேலை செய்தவர், முன்மூடியைத் திறந்து வைத்து என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். அவர் கண், இன்ஜின் அறையையும் காரின் உள்பகுதியையும் பிரிக்கும் தடுப்புச் சுவரைக் கேபிளின் உறை தொடும் இடத்திலேயே இருந்தது. “மெதுவா மிதிங்க அண்ணே. ஆ, அங்க பாருங்க” என்று என்னை இறங்கி வரச் சொல்லி, தாம் போய் மிதித்துக் காட்டினார். ஒவ்வொரு மிதிக்கும் தடுப்புச் சுவரின் தகடு மூச்சு வாங்குவதுபோல் முன்னால் வந்து போனது. துருப்பிடித்த ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசல். மறுமுனையில், கியர்பாக்ஸ் நெம்புகோலைப் பிடித்திருக்கும் இடத்தில், ரப்பர் உறையை விலக்கினார். கேபிளின் முறுக்கிலிருந்து சில இழைகள் அறுந்து, பூனை மீசையைப் போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மீதி இழைகள் இழுபட்டு நீண்டிருந்தன. இரண்டு சிறு குறைகளும் சேர்ந்து பெடல் பயணத்தில் கணிசமான பங்கைத் தின்றுகொண்டிருந்தன. அறுந்த இழையைக் கண்ட பிறகு நட்டை இறுக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. அந்தக் கேபிள் எந்த நேரமும் முழுதாக அறும், அதுவும் பினாங்குப் பாலத்தின் நடுவில் அறுவதற்கு வாய்ப்பு உண்டு. கேபிளை மாற்றினோம், விரிசலுக்கு உள்பக்கம் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைக்கச் செய்தோம்.

கேபிள் நன்றாக இருந்து தளர்வு மட்டும் கூடியிருந்தால், அதன் முனையிலுள்ள மரையில் நட்டைத் திருகி ஃபிரீ பிளேயைக் கையேடு சொல்லும் அளவுக்குக் கொண்டுவரலாம். கியர் நன்றாக விழுகிறதே என்று மேலும் இரண்டு சுற்று இறுக்கிவிடுகிற ஆசை எல்லோருக்கும் வரும். இறுக்கினால் ரிலீஸ் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டே ஓடும், பிரஷர் பிளேட்டின் பிடி தளரும், பிளேட் வழுக்கிச் சூடேறும். ஒரு நோயைத் தீர்க்கப் போய் இன்னொன்றை விலைக்கு வாங்கிய கதையாகும்.

எண்ணெயால் இயங்கும் கிளட்ச்

எண்ணெய்க் கிளட்சில் பெடல் ஒரு தண்டைத் தள்ள, அது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ள, எண்ணெய் குழாய் வழியே போய் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது. காற்றைச் சுருக்க முடியும். குழாய்க்குள் ஒரு குமிழி புகுந்துவிட்டால், நம் மிதி முதலில் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். மிஞ்சியதே ஸ்லேவுக்குப் போய்ச் சேரும்.

ஆகவே முதலில் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைப் பாருங்கள். எந்த வகை எண்ணெய் என்பது அதிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலான கார்களில் டாட் 3 அல்லது டாட் 4. இன்ஜின் எண்ணெயையோ ஸ்டியரிங் எண்ணெயையோ ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊறி உப்பிவிடும். பிறகு சிலிண்டர்களையே மாற்ற வேண்டியதுதான். பிரேக் எண்ணெய் பெயின்ட்டைக் கரைக்கும் என்பதால் சிந்தினால் உடனே தண்ணீர்விட்டுக் கழுவுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சும். நம் தீவின் புழுக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல ஆண்டுகளாக மாற்றாத எண்ணெய் தேநீரைப் போலக் கருத்து, சிலிண்டரின் உட்சுவரை அரித்து, ரப்பரின் விளிம்பைக் கெடுத்துவிடும்.

கிண்ணத்தின் அளவு ஒரு துப்பு. கிளட்சுக்கென்று தனிக் கிண்ணம் இருக்கும் கார்களில், பிளேட் தேயும்போது ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே தள்ளப்படுவதால் எண்ணெய் அளவு சற்று ஏறவே செய்யும். ஆகவே அந்தக் கிண்ணத்தில் எண்ணெய் இறங்கினால் அது கசிவுதான். ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. கசிவு இரண்டு இடங்களில் தெரியும். ஒன்று, பெடலுக்கு மேலே தடுப்புச் சுவரின் உள்பக்கம். விரலால் தடவினால் பிசுபிசுக்கும். மற்றொன்று, ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை. அதை மெல்ல உரித்தால் உள்ளே எண்ணெய் தேங்கி நிற்கும். சில புதிய கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்கு உள்ளேயே, ரிலீஸ் பேரிங்கோடு ஒன்றாக அமைந்திருக்கும். அங்கே கசிந்தால் கூட்டின் அடியில் பிரேக் எண்ணெய் சொட்டுவதைத் தவிர வேறு அடையாளம் கிடைக்காது.

வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமலும் மாஸ்டர் சிலிண்டர் கெடலாம். பிஸ்டனின் ரப்பர் விளிம்பு தேய்ந்தால், அழுத்தம் பட்ட எண்ணெய் முன்னால் போவதற்குப் பதிலாக விளிம்பைத் தாண்டிப் பின்னால் திரும்பிவிடும். விளக்குச் சந்திப்பில் அரை நிமிடம் கழித்துக் கார் ஊர்ந்ததே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: பெடல் தரையிலேயே இருக்கிறது, ஆனால் ஸ்லேவ் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிடுகிறது. பெடலை மூன்று நான்கு முறை வேகமாக மிதித்த பிறகு கியர் நன்றாக விழுந்தால், காற்றோ தேய்ந்த ரப்பரோ என்று கொள்ளலாம். காற்றை எடுத்த பின்னும் சில நாள்களில் அதே நிலை திரும்பினால் ரப்பரின்மேல்தான் பழி.

காற்று எடுக்க இருவர் வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகான நிப்பிளில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் புதிய எண்ணெய் உள்ள போத்தலில் மூழ்கவிடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துத் தரையில் அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, எண்ணெயும் குமிழியும் வெளியேறியதும் மூடிய பிறகே பெடலை விடச் சொல்ல வேண்டும். மூடும் முன் பெடலை விட்டால் பழைய எண்ணெயும் காற்றும் மறுபடியும் உள்ளே போய்விடும். நான்கைந்து முறைக்கு ஒருதடவை கிண்ணத்தை நிரப்ப மறந்தால் மேலேயிருந்து காற்று புகுந்து, வேலை முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கிண்ணம் பிரேக்குக்கும் பொதுவானதாக இருந்தால் அளவு இறங்கவிடுவது பிரேக்கையே பாதிக்கும். அனுபவம் இல்லாதவர்கள் அந்தக் கார்களில் இதைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே நல்லது.

வெளியே இருக்கும் எல்லாம் சரிதானா என்பதற்கு என் கருத்தில் மிக நேர்மையான சான்று ஒன்று உண்டு: ஒருவர் மிதிக்க, மற்றவர் ஸ்லேவின் தள்ளுதண்டு அல்லது கேபிள் முனை எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பது. பல சிறு கார்களில் இது ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். கையேட்டின் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நகர்வு குறைவாக இருந்தால் குறை வெளியே, கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. நகர்வு முழுதாக இருந்தும் கிளட்ச் இழுத்தால் மட்டுமே உள்ளே போக வேண்டும். கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் எந்தப் பட்டறையிடமும் “இந்த அளவை எடுத்துப் பார்த்தீர்களா?” என்று கேட்பதில் தவறில்லை.

கூட்டுக்கு உள்ளே

உள்ளே இருக்கக்கூடிய குறைகள் பல. அவற்றைத் தெரிந்துகொள்வது, பிரித்த பிறகு எதைக் காட்டச் சொல்வது என்பதற்காக. ஃபோர்க் வளைந்திருக்கலாம், அல்லது அது தாங்கிச் சாயும் குமிழ் தேய்ந்து பள்ளமாகியிருக்கலாம். அப்போது வெளியே முழுப் பயணம் தெரியும், பேரிங்குக்குப் போய்ச் சேராது. டயஃபிரம் விரல்களில் ஒன்றிரண்டு ஒடிந்தோ நுனி தேய்ந்தோ இருந்தால் பிரஷர் பிளேட் ஒரு பக்கம் சாய்வாக விலகும். தைப்பூச இரவில் தண்ணீர்மலை பக்கம் ஊர்ந்து ஊர்ந்து போவதைப் போன்ற நெரிசலில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே காரைப் பிடித்து நிறுத்துபவர்களுக்கு, சூட்டில் பிளேட் கோணிவிடும். காலையில் நன்றாக விழும் கியர் ஒரு மணி நேர நெரிசலுக்குப் பின் அடம்பிடிப்பது இதன் அறிகுறிகளில் ஒன்று. பிளேட்டின் நடுத்துளை, தண்டின் பற்களில் துருவேறி வழுக்காமல் நின்றால், பிரஷர் பிளேட் விலகினாலும் பிளேட் பிளைவீலை விட்டு நகராது. பிளைவீலின் நடுவில், தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் உள்ள வண்டிகளில், குறிப்பாகப் பின்சக்கரத்தால் ஓடும் வேன்களிலும் லோரிகளிலும், அது இறுகிவிட்டால் கிளட்ச் முழுக்கப் பிரிந்தாலும் தண்டு இன்ஜினோடு சுழலும். எத்தனை முறை கேபிளையும் எண்ணெயையும் மாற்றினாலும் இது தீராது.

புதிதாகக் கிளட்ச் மாற்றிய கையோடு கியர் விழவில்லை என்றால் வேலையில் பிழை இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். பிளேட்டை முன்பின்னாக மாட்டியிருப்பார்கள், அல்லது வேறு மாடலின் பிளேட்டைப் போட்டிருப்பார்கள், அல்லது மாட்டும்போது கியர்பாக்ஸின் எடை முழுவதையும் பிளேட்டின் நடுவில் தொங்கவிட்டு அதை வளைத்திருப்பார்கள்.

மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற காரின் கதை தனி. மழையும் ஈரமும் உள்ள ஊரில், அடுக்குமாடியின் திறந்த நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுப் போன கார்களில் பிளேட்டும் பிளைவீலும் துருவால் ஒட்டிக்கொள்ளும். பெடல் வழக்கம்போல் கனமாகவே இருக்கும், பயணமும் சரியாகவே இருக்கும், ஆனால் கிளட்ச் அணுவளவும் பிரியாது. முதல் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்தால் கிளட்சை மிதித்திருந்தும் கார் பாய்ந்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட காரைச் சுவருக்கு எதிரே நின்றபடி முயன்று பார்க்கவே கூடாது. ஒட்டியதை ஓட்டியே உடைத்துவிடும் வித்தை ஒன்று பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். அதைத் திறந்தவெளியில் அவர்களே செய்யட்டும்.

வழியில் திடீரென்று கிளட்ச் பிரியாமல் போனால், ஓரங்கட்டி, ஆபத்து விளக்கைப் போட்டு, இழுவை வண்டியைக் கூப்பிடுவதுதான் என் யோசனை. இன்ஜினை நிறுத்திக் கியரைப் போட்டு, கியரிலேயே ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று பெருமை பேசுபவர்கள் உண்டு. காலியான சாலையில் அது முடியும். பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலையின் வளைவுகளில், பின்னால் மோட்டார்கள் நெருக்கிக்கொண்டு வரும்போது, ஒவ்வொரு முறை நிற்பதற்கும் இன்ஜினை அணைக்க வேண்டிய காரை ஓட்டுவது வேறு விஷயம்.

புதிய கேபிள் மாட்டிய அன்று என் கான்சிலின் ஃபிரீ பிளே 20 மி.மீ. இருந்தது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு அளந்தால் 27 ஆகியிருந்தது. புதுக் கேபிளின் உறை தன் இடத்தில் அமர்ந்து படிவதற்குள் கொஞ்சம் தளர்வது இயல்பு என்று நண்பர் முன்பே சொல்லியிருந்தார். நட்டை ஒன்றரைச் சுற்றுத் திருகி, மறு நட்டால் பூட்டினேன். அதன் பிறகு மாதம் ஒருமுறை, டயருக்குக் காற்றுப் பார்க்கும் அன்று, ஸ்கேலையும் எடுத்துக்கொள்கிறேன்.